52 கிலோ குட்டிக்கு ஏன் பசிக்கவில்லை?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் என் மச்சான் டீமேக்கராக, அதாவது தேயிலைத் தொழிற்சாலைப் பொறுப்பாளராக இருக்கிறார். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் கிரேட் டேன் என்ற பெரிய இன நாயொன்றை வளர்க்கிறார். பெட்டை, பதினான்கு மாதம், 52 கிலோ, பெயர் குட்டி. கொழும்பிலிருந்து கூடைக்குள் வந்த நாளில் வைத்த பெயர். இப்போது எழுந்து நின்றால் முன்கால் இரண்டும் மச்சானின் தோளில் இருக்கும். ஆனாலும் பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தபோது வீட்டில் ஒரே பேச்சு, குட்டி சாப்பிடுவதில்லை. மூன்று வகை டோக் ஃபூட் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் முதல் இரண்டு நாள் ஆசையாகச் சாப்பிடுமாம், மூன்றாம் நாள் கிண்ணத்தை மூக்கால் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துவிடுமாம். "இது ராசாத்தி வீட்டுப் பிள்ளை, கண்டதையும் தின்னாது" என்று அம்மாயி பெருமையாகவே சொன்னார்.

சரி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். காலை ஆறரைக்கு மச்சான் கிண்ணத்தை நிரப்பி வைத்தார். குட்டி வந்தது, முகர்ந்தது, நாலைந்து வாய் தின்றது, நேராகச் சமையலறை வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கே அம்மாயி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த கோதுமை மா ரொட்டி, தடிமனாக. சூடு ஆறியதும் பிய்த்துப் பிய்த்து வாயில் கொடுத்தார். இரண்டு ரொட்டி போனது. பத்து மணித் தேநீருக்கு மாரி பிஸ்கட், வீட்டில் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டால் குட்டிக்கு ஆளுக்கு இரண்டு. அது பத்து. மதியம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் கோழிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த ஒரு தட்டுச் சோறு. மாலையில் மறுபடி கிண்ணம், மறுபடி நாலைந்து வாய்.

கணக்குப் போட ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. நாயின் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்க வேண்டும். 52 கிலோவுக்கு நாளுக்கு 1,355 கலோரி வரும். அது சும்மா படுத்திருப்பதற்கு மட்டும். வளர்ந்து நடமாடும் நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,170. கிரேட் டேன்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும் என்பதால் 2,300 என்று வைத்துக்கொண்டேன். வீட்டுச் சாப்பாட்டில் ரொட்டி இரண்டும் 550, பிஸ்கட் பத்தும் 220, சோறும் கறியும் சேர்ந்து ஒரு 490. மொத்தம் 1,260. கிண்ணத்தில் இரண்டு வேளைக்கும் சேர்த்து மச்சான் போட்டது 800 கிராம். இரவு மிச்சத்தை நிறுத்துப் பார்த்தோம், 500 கிராம் இருந்தது. அதாவது குட்டி தின்றது 300 கிராம், 1,080 கலோரி. இரண்டையும் கூட்டினால் 2,340.

மச்சான் கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். நாய் எங்களைவிட நன்றாகக் கணக்குப் போட்டிருந்தது.

பெரிய இன நாய் வளர்ப்பவர்களில் பலர் தடுக்கி விழுகிற இடம் இது. உருவத்தைப் பார்த்து இது வண்டி வண்டியாகத் தின்னும் என்று நினைக்கிறோம். உடம்பு பெருக்கப் பெருக்க ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் சக்தி குறைந்துகொண்டே போகும். ஐந்து கிலோச் சின்ன நாய்க்குக் கிலோவுக்கு 75 கலோரி வேண்டுமென்றால், 52 கிலோ நாய்க்கு 45 போதும். நாம் எதிர்பார்த்த அளவைச் சாப்பிடாவிட்டால் உடனே 'வாய் நுணுக்கம் பிடித்த நாய்' என்று பெயர் வைத்து, புதிதாக ஏதாவது ருசியானதை நீட்டுகிறோம். நாய் அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான், மறுத்தால் அடுத்தது வரும்.

எல்லா மறுப்பும் இப்படியல்ல. நேற்றுவரை ஒழுங்காகச் சாப்பிட்ட நாய் திடீரென்று நிறுத்தினால் அது வேறு கதை. நம் நாட்டில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். தேயிலை மலைக்குள் ஓடித் திரியும் நாய்க்கு உண்ணி ஏறாமல் இருக்காது. ஈறு வெளிறியிருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, சிறுநீர் கறுத்துப் போகிறதா என்று பாருங்கள். உடைந்த பல், குடற்புழு, மூட்டு வலி எல்லாமே முதலில் சாப்பாட்டில்தான் தெரியும். கிரேட் டேன்களுக்கு இதயத் தசை தளர்ந்து விரியும் நோயும் அதிகம், அதிலும் பசி குறையும். கிண்ணத்தருகே ஆவலாக வந்து, வாயை வைத்துவிட்டு விலகுகிற நாய்க்குப் பெரும்பாலும் எங்கோ வலிக்கிறது. ஒரு நாளுக்கு மேல் எதையுமே தொடாவிட்டால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

குட்டிக்கு அந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் அம்மாயிக்கு ஒரே கவலை. "விலா எலும்பு தெரியுது பாருங்க தம்பி. வாரவங்க எல்லாம் நாயைப் பட்டினி போடுறீங்களான்னு கேக்குறாங்க."

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கையை மேசைமேல் விரித்து வைத்து, மறுகை விரலால் புறங்கையைத் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு தட்டுப்படும். நாயின் விலாவைத் தடவும்போது அப்படித் தெரிந்தால் சரியான உடம்பு. கையை மடக்கி முட்டிகளைத் தடவுவதுபோல் துருத்திக்கொண்டிருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல் அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. அம்மாயி தன் புறங்கையையும் குட்டியின் விலாவையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு விலா எலும்புப் பேச்சை எடுக்கவுமில்லை.

வளர்கிற பருவத்தில் கிரேட் டேன், மாஸ்டிஃப், செயின்ட் பெர்னார்ட் எல்லாமே ஒட்டடைக் கம்புபோல்தான் இருக்க வேண்டும். அதற்குக் காரணம் அவற்றின் வளர்ச்சி வேகம். பிறக்கும்போது அரைக் கிலோ அளவில் இருக்கிற டேன் குட்டி, ஒரே வருடத்தில் ஏறக்குறைய நூறு மடங்காகிறது. மனிதக் குழந்தை இருபது மடங்காவதற்குப் பதினெட்டு வருடம் எடுக்கிறது. இந்த ஓட்டத்தில் உடம்பின் பாரம் முன்னே போய்விடும், எலும்பும் குருத்தெலும்பும் பின்தங்கிவிடும். 1974இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வொன்றில் டேன் குட்டிகளில் ஒரு பிரிவை இஷ்டப்படி சாப்பிட விட்டார்கள், மற்றப் பிரிவுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான். வயிறு முட்டத் தின்றவைதான் வேகமாகக் கனத்தன, கால் எலும்புக் கோளாறுகளும் அவற்றில்தான் அதிகம். அளவாகத் தின்ற குட்டி கடைசியில் குள்ளமாகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. உயரம் பரம்பரையில் வருவது, அது அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் கூட நாளாகும், அவ்வளவுதான். இந்த இனங்கள் முழு வளர்ச்சிக்கு வர ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம் பிடிக்கும். குட்டியின் பதினான்கு மாதம் இன்னும் இடைப்பட்ட காலம்.

அடுத்தது கல்சியம். நம் வீடுகளில் ஆகப் பெரிய தவறு இதில்தான் நடக்கிறது, அதுவும் அன்பினால். பெரிய நாய், பெரிய எலும்பு, ஆகவே கல்சியம் மாத்திரை, கல்சியம் பாணி, மேலே ஒரு தம்ளர் பால். மச்சான் வீட்டு அலுமாரியிலும் பாதி தீர்ந்த போத்தல் ஒன்று இருந்தது. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கேற்பக் கல்சியத்தை எடுத்து மிச்சத்தை வெளியே விட்டுவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பகுதி உடம்புக்குள் போய்விடும். 1980களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டேன் குட்டிகளுக்கு உலர் எடையில் 3.3 சதவீதம் கல்சியமுள்ள உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு உறுதியாவதற்குப் பதிலாகக் குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறாமல் கோளாறானது. அதே நாட்டில் 1991இல் வந்த இன்னோர் ஆய்வு புரதத்தைப் பார்த்தது. 15, 23, 32 சதவீதம் என்று மூன்று அளவில் கொடுத்தும் புரதத்தால் எலும்புக்குக் கெடுதல் தெரியவில்லை. ஆனால் இன்றைக்கும் புரதத்துக்குப் பயந்து குட்டிக்குக் கொடுக்கும் இறைச்சியைக் குறைத்துவிட்டுக் கல்சியம் போத்தலைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்ய வேண்டியது ஏறக்குறைய அதற்கு நேர் எதிர்.

மறுபக்கமும் இருக்கிறது. வெறும் சோறும் இறைச்சியும் கொடுத்து வளர்த்தால் கல்சியம் மிகவும் குறைந்துபோகும். இறைச்சியில் கல்சியம் ஒன்று என்றால் பொஸ்பரஸ் பதினைந்து, இருபது மடங்கு. சமநிலைக்கு உடம்பு எலும்பிலிருந்தே கல்சியத்தை உருவும், கால் வளையும், ஒரு சின்னத் தாவலில் முறியும். கூடினாலும் குறைந்தாலும் ஆபத்தான இந்தக் குறுகிய பாதையில் குறைந்தது ஒன்றரை வயது வரை தள்ளாடாமல் போக, பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த உலர் உணவுதான் பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. வீட்டுச் சமையலை நான் இழிவாகச் சொல்லவில்லை. நாயின் வயசு ஒரு வழிக்கு வந்த பிறகு அதற்கு இடமிருக்கிறது.

பையைத் தேர்ந்தெடுக்கும்போது முன்பக்கத்து நாய்ப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அமெரிக்கத் தரப்படி வரும் பையானால், வளர்ந்தபின் 70 இறாத்தலுக்கு மேற்பட்ட, அதாவது ஏறக்குறைய 32 கிலோவுக்கு மேற்பட்ட, பெரிய நாய்களின் வளர்ச்சிக்கும் பொருந்துமா என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தரத்தில் இப்படிப்பட்ட குட்டிகளுக்குக் கல்சியம் உலர் எடையில் 1.2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 1.8ஐத் தாண்டக் கூடாது. மற்றக் குட்டிகளுக்கு 2.5 வரை போகலாம். அதனால்தான் 'பப்பி' என்று மட்டும் போட்டிருக்கும் பையை நம்பி வாங்க முடியாது. பையிலுள்ள சதவீதம் ஈரத்தோடு சேர்ந்தது. பத்து சதவீத ஈரமுள்ள உணவில் 1.2 என்று இருந்தால் உலர் கணக்கில் 1.33. தானியம் இல்லாதது என்று கூடுதல் விலைக்கு விற்பதையும் நான் வாங்கமாட்டேன். 2018இலிருந்து அமெரிக்க அரசு அப்படிப்பட்ட சில உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்புண்டா என்று விசாரித்தது. அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் இதயம் ஏற்கனவே பலவீனமான ஓர் இனத்துக்கு, அரிசி ஒத்துக்கொள்ளும்போது அரிசியைத் தவிர்க்கக் காசு கொடுப்பானேன்?

மலைநாட்டுக்கு மட்டுமான தொந்தரவு ஒன்றும் உண்டு. ஈரம். மழை மாதங்களில் சுவரே வியர்க்கிற வீடுகளில் இருபது கிலோப் பையைத் திறந்து வைத்தால் இரண்டு வாரத்தில் மணம் போய்விடும், அப்புறம் சிக்கு வாடை வரும், அடியில் பூஞ்சணமும் பிடிக்கும். நமக்குத் தெரிவதற்கு வெகு முன்பே நாய்க்கு அது தெரிந்துவிடும். மூன்றாம் வாரத்தில் வாய் நுணுக்கம் ஆரம்பிக்கிற நாய்களில் சில உண்மையில் சிக்கடித்த உணவைத்தான் மறுக்கின்றன. 2022இல் ரூபாய் விழுந்து இறக்குமதி உணவின் விலை தாறுமாறாக ஏறிய பிறகு, பெரிய பையைப் பிரித்துப் பொலித்தீன் பையில் நிறுத்துக் கொடுக்கும் கடைகளை நாடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். விலை கையைக் கடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் லேபலும் இல்லை, திகதியும் இல்லை. முடிந்தால் ஒரு மாதத்துக்குள் தீர்கிற சின்னப் பையாக வாங்கி, பையோடு சேர்த்து இறுக்கமான மூடியுள்ள வாளிக்குள் வையுங்கள்.

இந்த மலைக்குப் பெரிய நாய் புதிதல்ல. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வேட்டை நாய்க் கூட்டமே வைத்திருந்து, ஹோர்டன் சமவெளிப் பக்கம் மரை வேட்டையாடினார். பிறகு துரைமார் பங்களாக்களில் பெரிய நாய் ஓர் அந்தஸ்தாகத் தங்கிவிட்டது. பேக்கரின் நாய்கள் குளிரில் மலையேறி ஓடின, எவ்வளவு போட்டாலும் எரிந்துவிடும். குவார்ட்டர்ஸ் விறாந்தையில் கிடக்கிற நாய்க்கு அந்தச் சாப்பாடு எதற்கு? இருட்டினால் சிறுத்தைக்குப் பயந்து நாயை உள்ளே பூட்டுகிறோம், அது படுத்தே கிடக்கிறது. டேனுக்கு மேல்மயிர் குட்டை என்பதால் சீமெந்துத் தரையில் குளிரும் என்பது உண்மைதான். அதற்கு ஒரு சாக்குப் படுக்கை போதும், இன்னொரு ரொட்டி வேண்டாம்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு வருவோம். கலிபோர்னியாவில் 2013இல் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தபோது, 95 சதவீதத்தில் அத்தியாவசியச் சத்து ஏதாவது ஒன்றாவது குறைவாக இருந்தது. குறுணல் அரிசி, கோழி, வட்டக்காய் போட்டு அவிக்கிற நம் பானையும் இதற்கு விலக்கல்ல. அதில் துத்தநாகம், அயடின், விற்றமின் டி, ஈ எல்லாம் போதாது. வளர்ந்த நாய்க்கு அதையே முழு உணவாகக் கொடுப்பதென்றால் வைத்தியர் சொல்லும் சத்துத் தூளும் கல்சியமும் சேர வேண்டும். ஒரு முட்டையின் ஓட்டை அவித்துக் காயவைத்து மாவாக அரைத்தால் ஏறக்குறைய இரண்டு கிராம் கல்சியம் வரும். நம் குட்டியின் எடையுள்ள நாய் முழுதாக வளர்ந்த பிறகு, வெறும் வீட்டுச் சாப்பாட்டில் இருந்தால், நாளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை ஓடு. உலர் உணவு தின்னும் நாய்க்கு அதுவும் வேண்டாம். சோறு மட்டும் போட்டு 2,300 கலோரியை நிரப்பப் பார்த்தால் ஏறக்குறைய 1.8 கிலோச் சோறு வேண்டும், அது சாப்பாடல்ல, பாரம்.

காய்கறியில் ஓர் எச்சரிக்கை, நுவரெலியாக்காரர்களுக்கு விசேஷமாக. கரட், போஞ்சி, வட்டக்காய் அவித்துக் கொடுக்கலாம். லீக்ஸ் கூடாது. மூட்டை மூட்டையாக விளைகிற ஊரில் அதன் மேல்தாள்களை நாய்ப் பானைக்குள் போடுகிற பழக்கம் உண்டு. லீக்ஸ், வெங்காயம், பூண்டு மூன்றும் ஒரே குடும்பம், நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. அம்மாயியின் கோழிக்குழம்பில் வெங்காயம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். குழம்புச் சோற்றை நிறுத்தச் சொன்னேன், அதற்குக் கலோரியைவிட அதுதான் முக்கிய காரணம். திராட்சையும் சொக்லேட்டும் கூடாது. சமைத்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். தேயிலை வீட்டில் இதையும் சொல்ல வேண்டும், வடித்த சாயச் சக்கையை நாய் எட்டுகிற இடத்தில் கொட்டாதீர்கள், அதில் கஃபீன் இருக்கிறது.

இன்னொன்று, சாப்பாட்டு அளவைவிட அவசரமானது. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு, முதலில் கிரேட் டேனுக்கு, வயிறு காற்றடைத்து உப்பி அப்படியே முறுக்கிக்கொள்ளும். இரத்த ஓட்டம் அறுந்து சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் ஓங்கரிப்பது, எச்சில் வடிவது, வயிறு பறைபோல் இறுகுவது, நிலைகொள்ளாமல் அலைவது அறிகுறிகள். நாளுக்கு ஒரே வேளை பெரிய சாப்பாடு, அவக் அவக்கென்று விழுங்குவது, பெற்ற நாய்க்கோ கூடப்பிறந்ததற்கோ இது வந்திருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். உயரமான நாய் குனியக் கஷ்டப்படுகிறதே என்று மேடை செய்து கிண்ணத்தை உயர்த்துகிறார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வில் உயர்த்திய கிண்ணத்துக்கும் இந்த முறுக்கலுக்கும் தொடர்பு தெரிந்தது. பிறகு வந்தவை எல்லாம் அதை ஒரே குரலில் சொல்லவில்லை, ஆனாலும் தரையில் வைத்தால் நட்டமில்லையே. ஹட்டனிலிருந்து பேராதனை மிருக வைத்தியப் பீடத்துப் போதனா வைத்தியசாலைக்கு வளைவும் மூடுபனியுமாக இரண்டு மணி நேரமாவது ஆகும். முறுக்கிய வயிறு அவ்வளவு நேரம் காத்திருக்குமென்று சொல்ல முடியாது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யும்போதே இரைப்பையை வயிற்றின் உட்சுவரோடு தைத்துவிடும் வழி இருக்கிறது. முறுக்கலை அது பெரிதும் தடுக்கும். நகரத்தில் இருப்பவரைவிட மலையில் இருப்பவர் இதைப் பற்றி வைத்தியரிடம் கேட்க அதிகக் காரணம் உண்டு.

குட்டிக்கு நாங்கள் செய்தது சின்னக் காரியம். பிராண்ட் மாற்றுவதை நிறுத்தினோம். இருப்பதில் பெரிய இனக் குட்டிக்குரியதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கும் மேலாகப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து முழுதாக அதற்கு வந்தோம். நாளுக்கு 580 கிராம், தராசில் நிறுத்து, மூன்று வேளையாக. வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தால் மணம் எழும். இருபது நிமிடம் கிண்ணம் தரையில் இருக்கும், மிச்சம் இருந்தால் எடுத்துவிட வேண்டும், அடுத்த வேளை வரை வேறெதுவும் இல்லை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 230 கலோரி, அம்மாயியின் கணக்கில். அதற்குள் அவர் விரும்பியதைக் கொடுக்கலாம். அந்தப் பங்கைப் பறித்தால் ஒளித்துக் கொடுப்பார் என்று மச்சானுக்குத் தெரியும்.

முதல் இரண்டு நாளும் குட்டி சமையலறை வாசலில் படுத்து, விடுகிற பெருமூச்சு தொழிற்சாலை வரை கேட்குமளவுக்கு விட்டது. மூன்றாம் நாள் காலை கிண்ணம் காலி. இப்போது அம்மாயி ஒரு ரொட்டியை நாலாக வெட்டி, மூன்று துண்டைக் காலையிலிருந்து மாலைக்குள் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார். நாலாவது துண்டை என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை.